கார்பனும் தண்ணீரும் ஒரே பக்கத்தில்

கார்பன் என் பொறுப்பு. தண்ணீர் அவர் பொறுப்பு. தெலுக் பங்லிமா காராங்கில் நான் வேலை செய்யும் சலவை ஆலையில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த அறைகள். ஆனாலும் வெகுநாள் வரைக்கும் நாங்கள் பேசிக்கொண்டது படிக்கட்டில் எதிர்ப்படும்போது சொல்லும் 'குட் மார்னிங்' மட்டும்தான். அதிலும் கொஞ்சம் முறைப்பு இருக்கும்.

சலவை ஆலை என்றால் தெருமுனைக் கடை இல்லை. கோலாலம்பூர் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துவாலைகளும், சில மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சைத் துணிகளும் லோரி லோரியாக எங்களிடம் வரும். வெளுத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்புவோம். அதற்குத் தண்ணீர் வேண்டும், நீராவி வேண்டும். இரண்டும் நிற்காமல் வேண்டும். நீராவிக்காக எரிப்பதும் மின்சாரமும் லோரி டீசலும் சேர்ந்து எவ்வளவு கார்பனைக் காற்றில் கலக்கின்றன என்று அளப்பதும் குறைப்பதும் என் வேலை. எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்து எவ்வளவு அழுக்காக வெளியே போகிறது என்று அளப்பதும் குறைப்பதும் அவர் வேலை.

அவர் திருப்பூர்க்காரர். சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் வேலையில் பல வருடம் ஊறியவர். வேலை பெர்மிட்டில் தனியாக வந்து கிள்ளானில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். மனைவியும் மகளும் ஊரில். நான் கிள்ளானிலேயே பிறந்தவள், அங்கேயே கல்யாணம் கட்டியவள். ஒரே ஊரிலிருந்து ஒரே சாலையில்தான் இருவரும் காலையில் வருவோம். அவர் பேருந்தில், நான் காரில். ஒருநாள்கூட நான் அவரை ஏற்றிக்கொண்டதில்லை. காரணம் இருந்தது.

அவர் வந்த புதிதில் ஒரு மறுசுழற்சி நிலையம் கட்டினார். துவைத்த அழுக்குத் தண்ணீரை மெல்லிய சவ்வுகள் வழியாக அழுத்தித் தள்ளி, மறுபடி துவைக்கும் அளவுக்குத் தெளிவாக்கும் நிலையம். தண்ணீர்க் கணக்கு மளமளவென்று இறங்கியது. மேலாளர் அவருக்குக் கை கொடுத்தார். ஆனால் அப்படி அழுத்தித் தள்ளும் பம்புகள் மின்சாரத்தைக் குடித்தன. நான் மாதக்கணக்கில் பாடுபட்டுக் குறைத்திருந்த கார்பன், வரைபடத்தில் என் கோடு, திடீரென்று மேலே ஏறியது. மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன்.

"சார், பம்ப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீங்க அந்தப் புது பாய்லர் போடுறப்போ எனக்குச் சொன்னீங்களாங்க, மேடம்? அதோட புகையைக் கழுவுறதுக்கே எவ்வளவு தண்ணி போகுதுன்னு பார்த்திருக்கீங்களா?"

புது பாய்லர் என் திட்டம். அதுவரை எங்கள் நீராவி கேஸ் பாய்லரிலிருந்து வந்தது. கேஸ் எரித்தால் கார்பன் கணக்கு எகிறும். ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனை ஆலைகளில் எண்ணெய் பிழிந்த பிறகு கொட்டை ஓடு மலைமலையாக மிஞ்சுகிறது. அதிலிருப்பது மரம் முன்பே காற்றிலிருந்து எடுத்த கார்பன் என்பதால், அதை எரித்தால் கணக்கில் கார்பன் வெகுவாகக் குறையும். மேலாளரிடம் நடையாய் நடந்து ஓடு எரிக்கும் பாய்லரை வாங்க வைத்தேன். அதன் புகையில் சாம்பல் அதிகம். வெளியே விடுமுன் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். அவர் சொன்னது உண்மைதான். எனக்கு அது உறைக்கவில்லை; கோபம்தான் வந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சம்பந்திச் சண்டை மாதிரி ஆகிவிட்டது. நேரில் சிரிப்பு, உள்ளே புகைச்சல். அவர் ஒன்று செய்தால் என் கோடு ஏறும். நான் ஒன்று செய்தால் அவருடையது ஏறும்.

இதை உடைத்தது பிரிக்பீல்ட்ஸில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு ஹோட்டல் குழுமம். எங்களின் பெரிய வாடிக்கையாளர். அங்கே இந்த விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரி ஒரு சீனப் பெண்மணி. மெதுவாகப் பேசுவார், கேட்ட கேள்வியை விடமாட்டார். நான் ஒரு நாளும் திருப்பூர்க்காரர் ஒரு நாளுமாகத் தனித்தனியே போய் வரைபடம் காட்டிவிட்டு வந்த பிறகு, அந்தப் பெண்மணி மேலாளரைக் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த முறை இரண்டையும் ஒரே பக்கத்தில் காட்டுங்கள், நானே ஆலைக்கு வந்து பார்க்கிறேன்.

அதனால் நானும் திருப்பூர்க்காரரும் சேர்ந்து உட்கார்ந்தோம். என் மேசையில், ஒரே திரைக்கு முன்னால். அந்த வாரங்களில் அவரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார், பிறகு என் பிஸ்கட்டை எல்லாம் தின்பார். பேசிப் பேசி இருவரும் ஆளுக்கொன்று செய்தோம். பழைய கேஸ் பாய்லர் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தது. அடிக்கடி சூடுபடுத்தி வைக்க அதுவும் கேஸ் குடித்தது. அதன் பர்னரைக் கழற்றிவிடலாம் என்றேன். சுத்தம் செய்த தண்ணீரைச் சேர்த்து வைக்க அவருக்குப் பெரிய தொட்டி வேண்டியிருந்தது. தண்ணீர் நின்றால் உதவுவதற்காக வைத்திருந்த பழைய தொட்டியை மறுசுழற்சித் தொட்டியாக மாற்றிவிடலாம் என்றார். மேலாளர் இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் இரண்டு கோடுகளும் அழகாகக் கீழே இறங்கின. பச்சை ஒன்று, நீலம் ஒன்று. திரையைப் பார்த்து இருவரும் சிரித்துக்கொண்டோம். முதல் தடவை.

அந்தப் பெண்மணி வருவதாக இருந்ததற்கு முந்தின நாள் காலை, வீட்டுக் குழாய் இருமியது. என் கணவர் கைப்பேசியைக் காட்டினார். ஆற்றில் ஏதோ நாற்றம், சுத்திகரிப்பு நிலையங்களை மூடிவிட்டார்கள், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தண்ணி கட். எப்போது வரும் என்று சொல்லவில்லை. சிலாங்கூரில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வாளிகளைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆலையில் மேலாளர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத் தொழிலாளர் குடும்பத்திலிருந்து வந்து, இதே ஆலையில் இயந்திரத்தில் நின்று, படிப்படியாக மேலே ஏறியவர். பதற்றமில்லை.

"நமக்கு என்னா லா கவலை? ரீசைக்கிள் இருக்கு. தொட்டியிலயும் கொஞ்சம் தண்ணி இருக்கு. பாதி வாஷிங் லைனை நிறுத்திட்டேன், மிச்சப்படுத்தி ஓட்டலாம். ஆஸ்பத்திரித் துணி இன்னிக்குப் போயே ஆகணும்."

சரி என்றுதான் எனக்கும் பட்டது. மறுநாள் காட்ட வேண்டிய பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் திருப்பூர்க்காரர் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. இப்ப பாய்லரை நிறுத்துனா, உள்ள நெருப்பு எவ்வளவு நேரத்துல அடங்கும்?"

"கேஸ்னா வால்வை மூடுன உடனே..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினேன். கேஸ் இல்லை. ஓடு. அடுப்புத் தட்டில் ஒரு மேடு போல் குவிந்து தணலாகக் கிடக்கும் ஓடு. காற்றை நிறுத்தினாலும், புது ஓடு போடுவதை நிறுத்தினாலும் அந்தத் தணல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டே இருக்கும். அதற்கு மேலே இருக்கும் இரும்புக்குள் அதுவரை தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். தண்ணீர் வற்றிய இரும்பு பழுக்கும். பழுத்த இரும்பு அழுத்தத்தைத் தாங்காது.

"சாயந்திரம் வரைக்கும் எரியும்," என்றேன். "ராத்திரி வரைக்கும்கூட. ஏன் கேக்குறீங்க? தொட்டியில எவ்வளவு இருக்கு?"

"எந்தத் தொட்டிங்க? ரிசர்வ் தொட்டியைத்தான் ரீசைக்கிளுக்கு மாத்திட்டமே."

"சரி, ரீசைக்கிள் தண்ணி?"

"அது தானா ஊறுற தண்ணி இல்லீங்க. துவைச்சாத்தான் அழுக்குத் தண்ணி வரும், அழுக்குத் தண்ணி வந்தாத்தான் நான் சுத்தம் பண்ண முடியும். பாஸ் காலையிலயே பாதி லைனை நிறுத்திட்டாரு. எனக்கு வர்றது பாதியாயிருச்சு. பாய்லர் குடிக்கிறது குறையல. ரீசைக்கிள் தொட்டியும், அதுலேர்ந்து தண்ணி எடுக்கிற பாய்லர் தொட்டியும் ஒண்ணா வத்துதுங்க."

நான் எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்த அந்தப் பக்கம் திரையில் அப்படியே இருந்தது. அவர் தொட்டியை மாற்றியபோது, எரிவது சட்டென்று அணையாத என் ஓடு என்று அவர் நினைக்கவில்லை. நான் கேஸைக் கழற்றியபோது வற்றக்கூடியது அவர் தொட்டி என்று நான் நினைக்கவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

மேலாளர் தம் அறையில் தொலைபேசியைக் காதில் வைத்திருந்தார்; மறுமுனையில் மருத்துவமனை. கையால் காத்திருக்கச் சொன்னார். நான் காத்திருக்கவில்லை.

"பாஸ், பாய்லரை இப்பவே இறக்கணும்."

அவர் தொலைபேசியை மூடிப் பிடித்துக்கொண்டார். "என்னா பேசுற? ஆப்பரேஷன் தியேட்டர் துணி மெஷினுக்குள்ள இருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் குடு."

"ஒரு மணி நேரத்துக்குத் தண்ணி இருக்குமான்னு தெரியலீங்க," என்றார் திருப்பூர்க்காரர்.

"தெரியலன்னா போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க! இந்தத் துணி போகலன்னா நாளைக்கு ஆப்பரேஷன் தள்ளிப் போகும். அங்க யாரோட அம்மாவோ அப்பாவோ படுத்திருக்காங்க. அதையும் உங்க கிராஃப்ல போடுங்க."

மேலாளர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். எங்கள் மூவரில் யாருமே பேராசையில் பேசவில்லை. அப்போது என் இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர். ஓய்வு பெறும் வயது நெருங்கியவர். நாங்கள் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடுவோம். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை.

"புவான்! ஆயிர் தாக் நாய்க்! ஆயிர் தாக் நாய்க்!"

மேடம், தண்ணீர் ஏறவில்லை என்கிறார். தொட்டியின் அடிமட்டம் வந்து, பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது.

மேலாளரின் முகம் வெளிறியது. தொலைபேசியை வைத்துவிட்டு, ஒலிபெருக்கியில் கத்தினார். எல்லா இயந்திரங்களையும் நிறுத்துங்கள், எல்லோரும் வாசலுக்குப் போங்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்த ஆலைக்குள் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த அமைதி நிலைக்கவில்லை. பாய்லர் கூரையிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது.

பாதுகாப்பு வால்வு திறந்துவிட்டது. இயந்திரங்கள் நீராவியை எடுப்பதை நிறுத்திவிட்டன. தணலோ நீராவியைச் செய்துகொண்டே இருந்தது. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, வால்வைத் தள்ளித் திறந்து வெள்ளை வெளேரென்று வானத்துக்குப் போனது. அப்படிப் போன ஒவ்வொரு மூச்சும் பாய்லருக்குள் இருந்த தண்ணீர்தான்.

நானும் திருப்பூர்க்காரரும் பாய்லர் கொட்டகைக்கு ஓடினோம். பாக்சிக் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தார். ஓடு போகும் பாதை நின்றிருந்தது, காற்று விசிறிகள் நின்றிருந்தன, கதவுகள் மூடியிருந்தன. அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயின் முன்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது அதில் தெரியும். மட்டம் கீழே, கண்ணாடியின் அடிப்பகுதியில் நடுங்கிக்கொண்டிருந்தது. வால்வு ஒவ்வொரு முறை அலறும்போதும் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"தண்ணி கண்ணாடியில் தெரியும் வரை நிற்கலாம்," என்று மலாயில் சொன்னார். "மறைந்துவிட்டால் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. ஓட வேண்டியதுதான்."

பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நெருப்பணைக்கிற தொட்டி?" என்று கத்தினேன். வால்வின் அலறலில் கத்தாமல் பேச முடியவில்லை.

"அதுக்கும் பாய்லருக்கும் பைப்பே கிடையாதுங்க! ஹோஸ் இழுக்கச் சொல்லிட்டேன். வர நேரமாகும்!"

நான் வெளியே வந்து கூரையைப் பார்த்தேன். யோசிக்க முடியவில்லை. யோசித்தாக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

"சூடு எங்கயாவது போயாகணும்," என்றேன், அவரிடம் பாதி, எனக்கே பாதி. "வால்வு வழியா போனா தண்ணியையும் சேர்த்து இழுத்துட்டுப் போகுது."

"தண்ணிய விட்டுட்டுச் சூடு மட்டும் போற எடம் ஏதாவது இருக்குதுங்களா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணிலும் தெரிந்தது.

இஸ்திரி உருளைகள். ஒரு காரின் நீளத்துக்கு இருக்கும் அந்த உருளைகளுக்குள் நீராவி ஓடும். ஒரு பக்கம் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து வழவழவென்று வெளியே வரும். துவைக்கும் இயந்திரம் நீராவியைத் தண்ணீரோடு கலந்து சாக்கடையில் விட்டுவிடும். உருளை அப்படி இல்லை. சூட்டை மட்டும் துணிக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் நீராவி தண்ணீராக மாறி, குழாய் வழியாக பாய்லர் தொட்டிக்கே திரும்பி வரும். எல்லாவற்றையும் நிறுத்தியது சரி. அதை மட்டும் நிறுத்தியிருக்கக் கூடாது.

வாசலில் தொழிலாளர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். பெரும்பாலும் நேப்பாளிகள், வங்காளதேசிகள். சிலர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலாளர் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"யாரையும் உள்ள அனுப்ப மாட்டேன்," என்றார் உடனே. குரல் உடைந்திருந்தது. "செத்தாலும் அனுப்ப மாட்டேன்."

"யாரையும் அனுப்ப வேணாம் பாஸ். நாங்க ரெண்டு பேரும் போறோம். மெஷினை எப்படி ஓட்டுறதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கழுத்துப் பட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தார். "நீங்க ரெண்டு பேரும் உருளைக்குள்ள கையைக் குடுத்துட்டுத்தான் வருவீங்க. வாங்க."

அப்படித்தான் நாங்கள் மூவரும் ஆளில்லாத அந்தக் கூடத்துக்குள் போனோம். இஸ்திரிக் கூடம் பாய்லரிலிருந்து ஆலையின் மறுகோடியில் இருக்கிறது. அது ஒரு ஆறுதல். பெரிய ஆறுதல் இல்லை. மேலாளர் நீராவி வால்வுகளை மெல்ல மெல்லத் திறந்தார். உருளைகள் முனகிக்கொண்டு சுழன்றன. வண்டிகளில் துவைத்துப் பிழிந்த ஹோட்டல் விரிப்புகள் ஈரமாகக் குவிந்திருந்தன. நானும் திருப்பூர்க்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து விரித்து உள்ளே கொடுத்தோம். முதல் விரிப்பு கோணலாகப் போய்ச் சுருட்டிக்கொண்டது.

"இழுக்காதீங்க! அதுவா போகும், விடுங்க!" மேலாளர் என்னைத் தள்ளிவிட்டு முனையை வாங்கிக்கொண்டார். "மூலையைப் பிடி, நீட்டு, விடு. மூலையைப் பிடி, நீட்டு, விடு."

கொடுத்துக்கொண்டே இருந்தோம். மறுபக்கம் காய்ந்த துணியை எடுக்க ஆளில்லை. அது தரையில் விழுந்து குவிந்தது. வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டியது. வால்வு அலறியது, நின்றது, மறுபடி அலறியது. ஒவ்வொரு அலறலுக்கும் மூவரும் ஒரு கணம் அசையாமல் நிற்போம், பிறகு அடுத்த விரிப்பை எடுப்போம். நான் என் கணவரை நினைத்தேன். அந்த நேரத்தில் அவர் கடைசி வாளியையும் நிரப்பியிருப்பாரா என்று யோசித்தேன். ஏன் அதை யோசித்தேன் என்று தெரியாது. திருப்பூர்க்காரர் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். வேண்டுதலா, கணக்கா என்று கேட்கவில்லை.

அலறல் குட்டையானது. ஒரு பெருமூச்சு மாதிரி ஆனது. பிறகு வரவில்லை.

வாக்கி-டாக்கியை நான் வாயருகே கொண்டுபோகப் பயந்தேன். கண்ணாடியில் தண்ணீர் மறைந்துபோயிருந்தால்? மேலாளர்தான் அதை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக் கேட்டார். பதில் வர நேரமாயிற்று. பிறகு பாக்சிக்கின் குரல், அழுகிற மாதிரி: "நாய்க். ஆயிர் நாய்க்."

தண்ணீர் ஏறுகிறது. உருளைகளிலிருந்து திரும்பிய தண்ணீர் தொட்டியின் அடியை நிரப்பி, பம்ப் மறுபடி பிடித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் நெருப்பணைப்புத் தொட்டியிலிருந்து இழுத்த ஹோஸும் வந்து சேர்ந்தது.

உடனே நிறுத்த முடியவில்லை. தணல் சாம்பல் பூக்கும் வரை, பொழுது சாயும் வரை, விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அலறல் நின்றதைக் கேட்டு இஸ்திரிப் பிரிவுப் பெண்கள் சிலர் யாரும் கூப்பிடாமலேயே உள்ளே வந்து எங்கள் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார்கள். மேலாளர் தடுக்கவில்லை. அவர் ஒரு மூலையில் போய் நின்று, ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் போட்டிச் சலவைக்காரரைக் கூப்பிட்டு, அவர்களிடம் தண்ணீர் இருக்கிறதா, மருத்துவமனைத் துணியை எடுத்துக்கொள்வார்களா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் கெஞ்சி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. துணி ஈரமும் அழுக்குமாகவே லோரியில் ஏறிப் போனது. அறுவை சிகிச்சை எதுவும் தள்ளிப்போகவில்லை என்று மறுநாள் சொன்னார்கள்.

அன்று திருப்பூர்க்காரரை நான்தான் காரில் கொண்டுவந்து அவர் அறை வாசலில் விட்டேன். இறங்கும்போது, "என் பொண்ணு வீடியோ கால்ல காத்துட்டிருக்கும்ங்க," என்றார். முகத்தைத் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். கார் துடைக்கும் துணிதான் இருந்தது. அதை வாங்கித் துடைத்துக்கொண்டு போனார்.

தண்ணி கட் ஆனதால் அந்தப் பெண்மணியின் வருகை தள்ளிப்போனது. அதற்குள் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். தலைமை அலுவலகம் அறிக்கை கேட்கிறது என்றார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ரிசர்வ் தொட்டியை மாத்துனது திருப்பூர்க்காரர் ஐடியா. அதுதான் காரணம். அப்படியே எழுதிடு."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. திருப்பூர்க்காரருடைய பெர்மிட் புதுப்பிக்கும் நேரம் அது. உள்ளூர்க்காரியான என்னைக் கேள்வி கேட்கலாம், சம்பளத்தை நிறுத்தலாம், அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. அவரை விமானத்தில் ஏற்றிவிடலாம். விஷயமும் அவரோடு போய்விடும்.

"தொட்டி இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது பாஸ், உண்மைதான். கேஸ் இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. கேஸைக் கழட்டச் சொன்னது நானு."

"உன்னை யாரும் கேக்கல."

"ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டது நீங்க."

அவர் முகம் கறுத்தது. "அன்னிக்கு உன் கூட உள்ள வந்து நின்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு பாஸ். அவரும்தான் நின்னாரு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். போ என்று கையைக் காட்டினார். எழுதச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா, எனக்குத் தெரியவில்லை. நான் நடந்ததை நடந்தபடி எழுதி, மூன்று பேர் எடுத்த முடிவுகளையும் வரிசையாகப் போட்டு அனுப்பிவிட்டேன். அதன் பிறகு வாரக்கணக்கில் அவர் என்னோடு பேசவில்லை. கூட்டத்தில் என் பக்கம் திரும்பாமலே அடுத்தவரைக் கேட்பார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வேறு வேலை தேடு என்றார் கணவர். நடந்ததைத் திருப்பூர்க்காரரிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால் பயப்படுவார். அவரோ பெர்மிட் செய்தி வரும்வரை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்பார்: "எதுனா சேதி உண்டுங்களா மேடம்?" இல்லை என்பேன். அந்த இல்லையைச் சொல்வதுதான் பாய்லர் முன்னால் நின்றதைவிடக் கடினமாக இருந்தது.

அதற்கு நடுவில்தான், தள்ளிப்போன அந்த வருகைக்குப் பதிலாக, பிரிக்பீல்ட்ஸில் கூட்டம். இருவரும் சேர்ந்து போனோம். மேலாளர் வரவில்லை, என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் பக்கத்தைத் திருத்தியிருந்தோம். ரிசர்வ் தொட்டியைத் திரும்பக் கொண்டுவருகிறோம், கேஸ் பர்னர் ஒன்றை அவசரத்துக்கு மாட்டுகிறோம். பச்சையும் நீலமும் இரண்டுமே மேலே ஏறின.

அந்தப் பெண்மணி திரையில் இரண்டு கோடுகளையும் பேனாவால் தொட்டுக் காட்டினார். "போன மாதம் அனுப்பியதில் இரண்டும் இறங்கியிருந்தனவே?" என்றார் ஆங்கிலத்தில்.

"ஆமாம்," என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். நான் தண்ணீரைப் பற்றிப் பேசும்போது திருப்பூர்க்காரர் திருத்தினார். அவர் நெருப்பைப் பற்றிப் பேசும்போது நான் திருத்தினேன். வால்வு அலறிய இடம் வந்ததும் அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்குத் துணி வெளுக்கிற எல்லோருடைய கோடும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது," என்றார் கடைசியில். "இப்போது அவர்களிடமெல்லாம் நான் போய்க் கேட்க வேண்டும்."

பாராட்டாக அவர் அதைச் சொல்லவில்லை. சலிப்பாகத்தான் சொன்னார். ஒப்பந்தத்தை நீட்டினார்கள், ஆனால் வழக்கத்தைவிடக் குறைந்த காலத்துக்கு. அதற்கும் மேலாளர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பெர்மிட் ஒரு மழைநாளில் வந்தது. யார் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கச் சொன்னார்கள் என்று விசாரித்தேன், மேலாளர்தான். தலைமை அலுவலகம் தயங்கியதாகவும், இவர்தான் விடாமல் நின்றதாகவும் கணக்குப் பிரிவில் சொன்னார்கள். அவரிடம் நன்றி சொல்லப் போனேன். "அந்தப் பக்கம் பம்ப் சத்தம் போடுது, போய் என்னான்னு பாரு," என்றார். அது என் வேலை இல்லை. ஆனாலும் போய்ப் பார்த்தேன்.

இப்போது எங்கள் இரண்டு அறைகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அந்தப் புதுப் பிரிவின் தலைமைப் பதவி எங்கள் இருவருக்குமே கிடைக்கவில்லை. வேறு ஆலையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து மேலே வைத்தார்கள். அது எனக்கு வலிக்கத்தான் செய்தது. திருப்பூர்க்காரருடைய மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள். மகள் கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள்.

சண்டை நிற்கவில்லை. போன வாரம் உலர்த்தும் இயந்திரங்களின் வீணாகும் சூட்டைப் பிடித்துத் தண்ணீரைச் சூடாக்கும் திட்டம் ஒன்று கொண்டுவந்தேன். நல்ல திட்டம். என் கோடு நன்றாக இறங்கும். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணி நின்னுச்சுன்னா இது என்ன ஆகும்ங்க மேடம்?"

அதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. எரிச்சலாக வந்தது. மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. திட்டம் இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது. நாளைக்கு இருவரும் அந்த இயந்திரத்தைத் திறந்து பார்க்கப் போகிறோம்.